பேஸ்மேக்கர் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இடக்கையைத் தூக்கினால் கண் இருட்டுகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 67. ஓய்வுபெற்ற ஆசிரியன், கும்பகோணத்தில் வசிக்கிறேன். முழுமையான ஹார்ட் பிளாக் (இதய மேலறையின் மின்தூண்டல் கீழறைக்கு எட்டாத நிலை) என்று கண்டறிந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே இரண்டு லீட் (இதயத்துக்குள் செல்லும் மின்கம்பி) உள்ள பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே போகாதபடி அமைத்திருப்பதாக அப்போதே சொன்னார்கள். இத்தனை ஆண்டுகளில் கருவி உடலுக்குள் இருக்கிறது என்ற நினைவே பல நாள் எனக்கு வந்ததில்லை.

சென்ற மாதம் மொட்டைமாடிக் கொடியில் வேட்டியை உதறிப் போடுவதற்காக இடக்கையை உயர்த்தியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன்; சில விநாடிகளில் தெளிந்துவிட்டது. அதன் பிறகு பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கும்போதும், சட்டைக்குள் கையை நுழைக்கும்போதும் அதே போல ஆயிற்று. கடைசி முறை என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, நான்கு எண்ணும் வரை நாடியே கிடைக்கவில்லை என்றாள்.

மருத்துவமனைக்குச் சென்றேன். கம்பெனியிலிருந்து வந்த பொறியாளர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கருவியின் மேல் ஒரு வட்டை வைத்துச் சோதித்துவிட்டு, பேட்டரி இன்னும் நான்கு ஆண்டுகள் தாங்கும், எல்லாம் நார்மல் என்றார். மருத்துவரும், வயதானால் தலைசுற்றல் வரத்தான் செய்யும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். நடந்ததை முழுமையாகச் சொல்லக்கூட அங்கே நேரம் கிடைக்கவில்லை. கருவி சரியாக இருந்தும் இப்படி நேருமா? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

முதல் பதில்

ஐயா, உங்கள் பயம் வீண் அல்ல. இதய மின்சாதனப் பிரிவில் நெடுங்காலம் தொழில்நுட்பராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேட்டரி நன்றாக இருப்பது வேறு, கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் லீட் நன்றாக இருப்பது வேறு. நீங்கள் எழுதியிருப்பதில் முக்கியமானது தலைசுற்றல் அல்ல, ஒவ்வொரு முறையும் அதே கை உயர்ந்திருக்கிறது என்பதுதான்.

லீட் பெரும்பாலும் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே உள்ள குறுகலான வழியில்தான் உள்ளே செல்கிறது. ஆண்டுக்கணக்கில் கை ஏறி இறங்கும்போது அந்த இடத்தில் அது நசுங்கி, உள்ளிருக்கும் மெல்லிய உலோக இழைகள் முறியலாம். முறிந்த முனைகள் கை அசையும்போது ஒன்றோடொன்று உரசினால் சிறு மின்சலசலப்பு எழும். கருவி அதை இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, தான் கொடுக்க வேண்டிய துடிப்பைக் கொடுக்காமல் நிறுத்திவிடும். ஹார்ட் பிளாக் முழுமையாக உள்ளவருக்கு அந்தச் சில விநாடிகள் கீழறை துடிக்காமல் நின்றுபோகலாம். கை கீழே இறங்கியதும் முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்வதால், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது செய்யும் சோதனையில் எல்லாம் நார்மல் என்றுதான் வரும்.

ஆகவே மறுபடி செல்லும்போது, பேஸ்மேக்கரைச் சோதிக்கும் புரோகிராமர் என்ற கணினியின் திரையில் இதயத்தின் மின்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தியும், பின்னால் வளைத்தும், கருவி இருக்கும் இடத்தை அழுத்தியும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையில் வைத்து, மருத்துவர் அருகில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்; வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். கருவி தானாகச் சேமித்து வைத்திருக்கும் பழைய பதிவுகளையும், லீட்டின் மின்தடை எண் சில மாதங்களாக எப்படி மாறியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். அந்த எண் திடீரென 2000 ஓமைத் தாண்டியிருந்தால் இழை முறிவையும், 200க்குக் கீழே இறங்கியிருந்தால் மேலுறை கிழிந்திருப்பதையும் சந்தேகிப்போம். மார்பு எக்ஸ்ரேயில் முறிவு சில வேளைகளில் கண்ணுக்கே தெரியும், ஆனால் தெரியவில்லை என்பதால் முறிவு இல்லை என்றாகாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடையில் முந்திவரும் துடிப்புகள் மணிக்கட்டுக்கு எட்டாமல் போவதால், கருவி ஒழுங்காக வேலை செய்பவர்களுக்கும் நாடி விட்டுவிட்டுத் தெரிவதுண்டு. உங்களுக்கு நாடி விட்டபோதே கண்ணும் இருண்டிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், மாடிக்குத் தனியே போக வேண்டாம். மயங்கி விழுந்தால் வீட்டார் 108ஐ அழைக்கட்டும்.

இரண்டாம் பதில்

கைப்பேசியைச் சட்டைப் பையில் வைப்பீர்களா, வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பேசி கருவியிலிருந்து 15 செ.மீ., அடுப்பு 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்று என் தந்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

கைப்பேசியை வேட்டி மடிப்பில்தான் வைக்கிறேன். வீட்டில் எரிவாயு அடுப்புதான். முதல் பதிலை அச்செடுத்துக்கொண்டு நாளை வேறொரு மருத்துவமனைக்குப் போகிறேன்.

மூன்றாம் பதில்

ஐயா, எனக்கும் லீட் பழுதாகி மாற்றினார்கள். கை தூக்கியபோது எனக்குத் தலைசுற்றவில்லை; மார்புத் தசை வெட்டிவெட்டி இழுத்தது. மேலுறை கிழிந்து மின்சாரம் தசைக்குள் கசிந்ததால் வந்தது அது. மூன்று மாதம் அதை வாயு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி அறுவை என்றதும் மனம் ஒடிந்துபோன எனக்கு என் மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். 1958இல் ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சனுக்கு அந்த முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட முறை கருவி மாற்றிக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். அதைக் கேட்ட அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது. தைரியமாகப் போய் வாருங்கள்.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றி. படுக்கவைத்து இடக்கையை உயர்த்தச் சொன்னார்கள். அதுவரை சீராகப் போய்க்கொண்டிருந்த கோடு புல் முளைத்தது போலச் சிலிர்த்தது. கீழே என் துடிப்பு காட்டும் கோடு நேராகப் படுத்துவிட்டது. அந்த மருத்துவர் உடனே என் கையைப் பிடித்து இறக்கினார். கீழறைக்குப் போகும் லீட்டில் முறிவு என்று உறுதிசெய்து, அன்றே சேர்த்துக்கொண்டு, மறுநாள் புதிய லீட் ஒன்றைச் செலுத்தினார்கள். பழையதை உருவி எடுப்பதில் ஆபத்து கூடுதல் என்பதால் முனையை மூடி உள்ளேயே விட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது.

முதல் பதில் எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி, ஐயா. பயன்படாத லீட் உள்ளே இருப்பதை உங்கள் கருவி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் யாரேனும் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், கருவியின் பெயரை மட்டும் பார்த்து ஒப்புதல் தரக்கூடாது. அந்த லீட்டையும் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.