நாயகன் தாவினால் நியூட்டன் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

செந்தூல் வாசி:
மொட்டைமாடியிலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு நாயகன் ஓடித் தாவுகிறான், பத்திரமாகப் போய்ச் சேர்கிறான். இப்போதெல்லாம் இது இல்லாத சண்டைப் படம் குறைவு. நம் ஊரில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை இணைக்கும் வான்பாலம் தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நீளம் 58 மீட்டர். பாலமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடி வந்து ஒருவன் நேராகப் பாய்கிறான். எதிர்ப்பக்கம் போக 5.8 விநாடி ஆகும். அந்த 5.8 விநாடியில் அவன் கீழே இறங்கும் தூரம் ஏறத்தாழ 165 மீட்டர்! எதிர்க் கோபுரத்தின் சுவரைத் தொடும்போது கிட்டத்தட்ட தரைக்கே வந்திருப்பான். ஒரு மாடி (சுமார் 4 மீட்டர்) மட்டும் இறங்கி மறுபக்கம் சேர வேண்டுமென்றால் மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி வர வேண்டும். கோடிக்கணக்கில் செலவு செய்து படம் எடுக்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாதா? பார்க்கிற நம்மை மதிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கூத்து ரசிகன், பினாங்கு:
அண்ணே, கணக்கு சரி. கேட்கிற இடம்தான் சரியில்லை. அனுமன் கடலைத் தாண்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே யாரும் அளவுகோல் எடுத்துக்கொண்டு போவதில்லை. வீரனின் உள்ளம் எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் அவன் தாவலைப் பெரிதாக்குகிறார்கள். உயர்வு நவிற்சி அணி என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது.

கார்ட்டூனைப் பாருங்கள். மலை விளிம்பைத் தாண்டி ஓடிய பிராணி, கீழே பார்க்கும்வரை அந்தரத்தில் நிற்கும். பார்த்த பிறகுதான் விழும். நான்கு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. ஏன்? முன்பே விழுந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். அதற்காக வரைகிறவர்கள் மனம்போனபடி வரைவதும் இல்லை. பந்து தரையில் மோதினால் அமுங்கி அகலமாகும், எழும்பும்போது நீளும். ஆனால் அதன் கன அளவு மாறவே கூடாது. டிஸ்னி ஓவியர்கள் 1930-களில் பழகிய முறை அது. அளவு மாறிவிட்டால் ரப்பர் பந்து காற்றடைத்த பலூனாகத் தெரியும். பொய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு இருந்தால் எனக்குப் போதும்.

இயற்பியல் டீச்சர்:
இரண்டு பேரும் பெரிய பொய்யையே பேசுகிறீர்கள். கோபுரம் தாண்டுவதை யாரும் நம்பப் போவதில்லை, அதனால் கெடுதலும் இல்லை. எனக்குக் கவலை சின்னப் பொய்கள்தான், ஏனென்றால் அவற்றை என் படிவம் 4 மாணவர்கள் உண்மை என்றே நினைக்கிறார்கள். துப்பாக்கியால் சுட்டால் ஆள் பறந்து போய்ச் சுவரில் மோதுவான் என்கிறார்கள். 8 கிராம் தோட்டா விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ உடலுக்குள் தங்கினால், அந்த உடலுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். அப்படிப் பறக்கிற அளவுக்கு உதை இருந்தால் சுட்டவனும் பின்னால் பறக்க வேண்டுமே!

அதைவிட மோசம் கார் காட்சிகள். கார் உருண்டு புரண்டு நொறுங்குகிறது, நாயகன் கதவைத் திறந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்து வருகிறான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போய்ச் சுவரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சாதாரண வீட்டுக் கணக்கில் நான்கு மாடிக்கு மேல். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்ற சட்டம் இங்கே மலேசியாவில் 2009 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனாலும் பின்சீட்டில் பெல்ட் போடுங்கள் என்றால் “பின்னாடிதானே டீச்சர்” என்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த உடல் தொடர்ந்து ஓடவே பார்க்கும், அதுதான் சடத்துவம். பின்சீட்டில் இருப்பவர்களை மட்டும் அது விட்டுவிடுமா?

பட்டர்வொர்த் மெக்கானிக்:
கார் பறக்கிற காட்சி பற்றி ஒன்று. மேட்டிலிருந்து பாய்ந்த கார் அப்படியே மட்டமாகப் போய் இறங்காது. முன்சக்கரம் மேட்டை விட்டுவிடும்போது பின்சக்கரம் இன்னும் மேட்டில்தான் இருக்கும். எஞ்சின் கனமும் முன்னால். மூக்கு கவிழ்ந்துதான் விழும். அதனால்தான் சண்டைப் பயிற்சிக் குழுவினர் காரின் பின்பக்கத்தில் கனத்தை ஏற்றுகிறார்கள். பெட்ரோல் டாங்கியும் மோதியவுடன் வெடிக்காது, படத்தில் வெடிமருந்து வைத்து வெடிக்க விடுகிறார்கள். இயற்பியல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதை மறைத்துக் காட்டுகிறார்கள்.

கூத்து ரசிகன், பினாங்கு:
டீச்சர், பெல்ட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நாயகன் பெல்ட் போட்டால் அவன் வீரம் குறைந்துவிடாது. ஆனால் பிள்ளைகளுக்கு விசையும் முடுக்கமும் சொல்லித் தருவது பள்ளிக்கூடத்தின் வேலை. சினிமா தலையில் அதைக் கட்டினால் கலை செத்துவிடும். நள்ளிரவில் மோட்டாரில் படுத்துக்கொண்டு பறக்கிற மாட் ரெம்பிட் என்னும் சாலைப் பந்தயப் பையன்களும் எந்தப் படத்தையோ பார்த்துக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. மாடியிலிருந்து விழுகிற பெண்ணை நாயகன் கையில் ஏந்துகிறானே, அந்தக் காட்சியில் தியேட்டரே எழுந்து கைதட்டுகிறது. அதையும் வேண்டாம் என்பீர்களா?

செந்தூல் வாசி:
தம்பி, அந்தக் காட்சியைத்தான் நானும் சொல்ல வந்தேன். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஒரு பெண்ணைக் கை அரை மீட்டர் தாழ்ந்து நிறுத்தினால், அவள் உடம்பில் ஏறும் விசை அவள் எடையைப் போல் 60 மடங்கு. 50 கிலோ என்றால் 3 டன். நாயகனின் கையே அவளுக்குத் தரையாகிவிடும். சண்டைக் கலைஞர்கள் காற்றுப்பையில் விழுவதே நிற்கிற தூரத்தை 3 மீட்டராக நீட்டத்தான், அப்போது 10 மடங்கோடு போய்விடும்.

இதைக் காட்டினால் கதை கெடும் என்கிறீர்கள். 1973-இல் வந்த ஸ்பைடர்மேன் படக்கதையில் வில்லன் பாலத்திலிருந்து தள்ளிவிட்ட தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடித்தான். மேலே இழுத்தபோது அவள் உயிரோடு இல்லை. திடீரென்று நின்ற அதிர்ச்சிதான் காரணம் என்று வாசகர் கடிதப் பகுதியில் பதிப்பகத்தாரே பிறகு சொன்னார்கள். காப்பாற்ற வீசிய வலையே கொன்றது என்று எழுதினார்களே, அந்தத் துணிச்சலைத்தான் நம் இயக்குநர்களிடம் கேட்கிறேன்.