தேங்காய்த் துருவலும் முருங்கைக்கீரையும் வீணாகாம வைக்க வழி சொல்லுங்க

வணக்கம். நாலு பேர் வீடு, வாரத்துக்கு ஒரு முறைதான் காய்கறி வாங்குறது. மளிகைச் செலவைக் குறைக்கணும்னா முதல்ல குப்பைக்குப் போறதை நிறுத்தணும்னு இறங்கியிருக்கோம். மத்ததெல்லாம் ஓரளவு கைக்குள்ள வந்தாச்சு.

கொத்தமல்லியைக் கழுவாம, வேரை நறுக்கி, அழுகின இலையைப் பொறுக்கிட்டு, காட்டன் துணியில சுத்தி டப்பாவுல வைச்சா ஒரு வாரம் தாராளமா வருது. துணி ஈரமானா மாத்தணும், இல்லேன்னா இலை கருத்துரும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிடணும். அழுகல் அங்கதான் ஆரம்பிக்குது. இட்லி மாவை மொத்தமா புளிக்க விடுறதில்ல. அரைச்சதும் பாதி நேரா ஃப்ரிட்ஜுக்கு, தேவைக்கு முந்தின நாள் சாயங்காலமே வெளியில எடுக்கணும் (சில்லுன்னு இருக்கிறதால புளிக்க நேரம் பிடிக்கும்).

சிக்கல் தேங்காய்லதான். கண் உள்ள மூடியை முதல்ல செலவழிச்சு, மத்ததுல உப்பு தடவி வைச்சாலும் மூணாம் நாள் பிசுபிசுப்பு. துருவி ஃப்ரீசர்ல வைச்சா கட்டியாகிடுது. பொரியலுக்குப் பரவாயில்ல, சட்னி அரைச்சா தண்ணி தனியா பிரியுது. தட்டுல பரப்பி உறைய வைச்சு அப்புறம் கவர்ல போட்டா உதிரியா வருமா? சட்னிக்கு வெந்நீர் விட்டு அரைக்கலாமா?

அடுத்தது முருங்கைக்கீரை. பேப்பர்ல சுத்தினாலும் மறுநாளே இலை பழுத்துக் கொட்டுது. உருவி வைக்கணுமா, கொத்தோட வைக்கணுமா?

செஞ்சு பார்த்தவங்க எத்தனை நாள் தாங்குச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.