மணாலி – லே சைக்கிள்ல தனியா, 61 வயசுல போகலாமா?

கொல்லிமலை சைக்கிள்:
வணக்கம் நண்பர்களே. வயசு 61, வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆயாச்சு. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் இன்னைக்கும் கால் ஊனாம ஏறிடுவேன். ஆகஸ்ட் கடைசில மணாலில கிளம்பி லடாக்ல இருக்கற லே வரைக்கும் டென்ட், பை எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு தனியா போகணும்னு ரொம்ப நாள் ஆசை. சுகர் இல்ல, பிபிக்கு மட்டும் தினம் ஒரு மாத்திரை. வீட்ல "போறது சரி, தனியா எதுக்கு"ங்கறாங்க. எட்டு நாள்ல முடிச்சுடலாம்னு சில பேர் எழுதியிருக்காங்க, நம்ம வயசுக்கு அது ஒத்துவருமா? வழியில சோறு தண்ணிக்கு என்ன வழி?

தாமிரபரணிக்காரன்:
சார், தாராளமா போலாம், நானும் ரிட்டயர் ஆன பிறகுதான் போனேன். ஆனா எட்டு நாள் கணக்கை மறந்துடுங்க. அந்த ரோட்ல கிலோமீட்டர் பார்த்து பிளான் போடக்கூடாது, ராத்திரி எந்த உயரத்துல படுக்குறோம்னு பார்த்துதான் போடணும். கட்டா லூப்ஸ்ல மொத்தமே 21 வளைவு, உங்க காலுக்கு அது பெருசில்ல, ஆனா அது கிட்டத்தட்ட 4200 மீட்டர்ல ஆரம்பிக்குது, பத்து மிதி மிதிச்சா நின்னு மூச்சு வாங்கணும். கீலாங்ல ரெண்டு ராத்திரி இருங்க. ஜிஸ்பாலேர்ந்து ஒரே மூச்சுல ஜிங்ஜிங்பார் போகாம நடுவுல பட்சியோ பக்கம் டென்ட் போட்டுப் படுங்க. முக்கியமா சர்ச்சு. அது 4300 மீட்டர் கிட்ட, முன்னாடி லாச்சுங் லா (லான்னா கணவாய்), பின்னாடி பாராலாச்சா, அங்க உடம்புக்கு முடியலன்னா எந்தப் பக்கம் இறங்கணும்னாலும் முதல்ல ஒரு கணவாய் ஏறணும். தலைவலியோட சர்ச்சுக்குப் போகவே போகாதீங்க.

சோத்துக்குக் கவலை வேணாம், சீசன்ல பரத்பூர், பாங், டெப்ரிங்ல எல்லாம் கூடார தாபா இருக்கு, பருப்பு சோறு, மேகி, படுக்க ரஜாய் (கனமான பஞ்சுப் போர்வை) கூட கிடைக்கும். நடுவுலதான் ஒண்ணும் இருக்காது. பாங் தாண்டி மோரே சமவெளி, சுமார் 40 கிலோமீட்டர், புல்லு கூட அங்கொண்ணு இங்கொண்ணுதான், மத்தியானம் ஆச்சுன்னா எதிர்காத்து ஆளையே தள்ளும். விடியக்காலைல கிளம்பிடணும். ஓடைங்களும் அப்படித்தான், காலைல கணுக்கால் அளவு தண்ணி, வெயில்ல பனி உருகி சாயங்காலம் முழங்காலுக்கு வந்துடும்.

வெண்ஸ்டெத்:
நான் டாக்டர், சைக்கிளும் ஓட்டுவேன். 3000 மீட்டருக்கு மேல போனப்புறம் படுக்குற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருமுறை அதே இடத்துல ஒரு நாள் கூடுதலா தங்கணும். வயசானவங்களுக்கு மலைநோய் (உயரத்துல ஆக்சிஜன் குறைஞ்சு வர்ற தலைவலி, மூச்சுத்திணறல்) அதிகமா வரும்ங்கறது இல்ல, இளவட்டம் அவசரப்பட்டுதான் நிறைய மாட்டிக்குது. ஆனா இதய டெஸ்ட் எல்லாம் இங்கயே முடிச்சுட்டுப் போங்க அண்ணா. உங்க பிபி மாத்திரை பேரு 'லால்'னு முடியுதான்னு பாருங்க. அது பீட்டா பிளாக்கர், இதயத்துடிப்பை ஏறவிடாம பிடிச்சுவைக்கும், மேல அதுதான் கஷ்டம். நீங்களா நிறுத்திடாதீங்க, உங்க டாக்டர்ட்ட பேசுங்க. மலைநோய் வராம இருக்க டயமாக்ஸ் மாத்திரை போடறதா இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான், சல்ஃபா அலர்ஜி இருந்தா அதையும் சொல்லிடுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நடை தள்ளாடுதுன்னா அடுத்த நிமிஷமே கீழ இறங்கணும், வர்ற லாரியை நிறுத்தி ஏறிடுங்க.

செயின்_ஆயில்:
அங்கிள், நீங்க ஏன் ஸ்ரீநகர் வழியா போகக்கூடாது? ஜோஜி லா 3528 மீட்டர் ஏறினாலும் அப்புறம் கார்கில்ல 2700-க்கு இறங்கிடுவீங்க, அதிகபட்சம் ஃபோட்டு லா 4108 தான், வழியெல்லாம் ஊரு. லே-ல நாலஞ்சு நாள் இருந்துட்டு உடம்பு பழகினப்புறம் மணாலி பக்கம் திரும்பினா, 5328 மீட்டர் தங்லங் லா கூட பயமில்லாம ஏறலாம். கியர் முன்னாடி 22 பல்லு, பின்னாடி 36 போட்டுக்கோங்க. தனியா போறதால போஸ்ட்பெய்ட் சிம் கண்டிப்பா வேணும், நம்ம ஊர் ப்ரீபெய்ட் லடாக்ல எடுக்காது. பாங் பக்கமெல்லாம் எந்த சிம்மையும் நம்பாதீங்க, "இன்னைக்கு சிக்னல் இருக்காது"ன்னு முதல் நாளே வீட்ல சொல்லிடுங்க.

கொல்லிமலை சைக்கிள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்ரீநகர் வழிதான் போறேன், வீட்லயும் அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. டாக்டர் தம்பி, அட்டையை எடுத்துப் பார்த்தேன், மெட்டோப்ரொலால்னு போட்டிருக்கு. திங்கக்கிழமை போய் பேசிட்டு அவர் என்ன சொல்றார்னு இங்கயே எழுதறேன்.