பழைய கியர்பாக்ஸ் மாத்தி 12 நாள் ஆச்சு, சூடானா டி லைட் மினுக்குது, ரிவர்ஸ் லேட்டா விழுது (சிட்டி ஆட்டோமேட்டிக் 2010)

தாம்பரம்_சிட்டி

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2010 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக், அஞ்சு கியர் மாடல், 1,41,000 ஓடியிருக்கு. போன மாசம் மூணாவது கியர்ல ஸ்லிப் ஆக ஆரம்பிச்சு கடைசில ஏத்தத்துல வண்டியே இழுக்கல, ரீபில்ட் பண்ண கேட்ட ரேட்டுல தலை சுத்திடுச்சு, அதனால புதுப்பேட்டைல ஒரு கடைல அதே மாடல் பழைய கியர்பாக்ஸ் ஒண்ணு 42,000க்கு பேசி எடுத்தேன், எங்க ஏரியா மெக்கானிக்தான் மாட்டினாரு. கடைல 15 நாள் டெஸ்டிங் வாரண்டி, அதுல 12 நாள் ஓடிப்போச்சு, அதான் அவசரமா கேக்குறேன்.

காலைல எடுத்தா ஒரு பத்து நிமிஷம் வெண்ணெய் மாதிரி போகுது. குரோம்பேட்டை தாண்டுறதுக்குள்ள டாஷ்ல டி லைட் (டிரைவ் கியர்ல இருக்குனு காட்டுற விளக்கு) மினுக்க ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணுல இருந்து ரெண்டு மாறும்போது பின்னாடி யாரோ வந்து இடிச்ச மாதிரி ஒரு உதை. ஓரங்கட்டி சாவியை ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்தா திரும்ப நல்லாயிருக்கு. ரிவர்ஸ் கதை தனி, போட்டுட்டு ரெண்டு மூணு செகண்ட் சும்மா நிக்கும், அப்புறம் டங்குனு விழும். ப்ளூடூத் ஓபிடி குச்சில (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபால்ட் கோடை படிக்கிற கருவி) பாத்தா பி0715 காட்டுது, அழிச்சாலும் சூடானதும் வந்துடுது.

மெக்கானிக் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, கியர்பாக்ஸ் செட் ஆகிடும்ங்கிறாரு. கடைக்காரரு எங்க டப்பா சுத்தமான டப்பா, ஃபிட்டிங்தான் தப்புங்கிறாரு. நடுவுல நான். அப்புறம் இன்னொண்ணு, கியர்பாக்ஸ் மேல்பக்கம் லேசா எண்ணெய் பிசுக்கா இருக்கு, கீழ சொட்டல. இது சம்பந்தம் இருக்கானு தெரியல.

கிரீஸ்கை

செட் ஆகிடும்னு சொன்ன ஆள் கையில சாவியை கொடுக்காதீங்க ப்ரோ. ஆட்டோ கியர்பாக்ஸ் புது செருப்பு இல்ல, போட போட பழகுறதுக்கு. இந்த நிலைமைல ஆயிரம் கிமீ ஓட்டினா நல்ல டப்பாவும் கருகிடும்.

கடைசி வரில போற போக்குல சொன்னீங்க பாருங்க, மேல பிசுக்குனு, எனக்கு அதுதான் முக்கியமா படுது. ஆயில் சீல் போயிருந்தா கீழதான் ஒழுகும். மேல ஈரம்னா அது பிரீதர் (டப்பா மேல இருக்கிற காத்து போற ஓட்டை) வழியா தள்ளுது, பிரீதர் வழியா தள்ளுதுன்னா பெரும்பாலும் உள்ள ஆயில் ஜாஸ்தி. ஜாஸ்தி ஆயிலை உள்ள கியர் அடிச்சு நுரை ஆக்கிடும், நுரைக்கு பிரஷர் நிக்காது, ரிவர்ஸ் லேட் ஆகுறதுக்கு அதுவே போதும். மெக்கானிக் லெவல் எப்படி பாத்தாருனு கேளுங்க, இன்ஜின் ஓடும்போதா ஆஃப்லயா?

பி0715ங்கிறது வேற விஷயம், உள்ளே வர்ற ஷாஃப்ட் எவ்வளவு வேகமா சுத்துதுனு சொல்ற சென்சாரோட சர்க்யூட். உள்ள வர்ற வேகத்தையும் வெளிய போற வேகத்தையும் ஒப்பிட்டுதான் கம்ப்யூட்டர் கிளட்ச் வழுக்குதா இல்லையானு கண்டுபிடிக்குது. அதுல ஒரு நம்பர் திடீர்னு காணாமப்போனா அதுக்கு ஒண்ணும் புரியாது, டப்பாவை காப்பாத்த பிரஷரை ஏத்திவிட்டு டி லைட்டை மினுக்கும், உங்களுக்கு விழுற உதை அதுதான். சாவியை போட்டு எடுத்தா சரியாகுதுன்னா கிளட்ச் போன கேஸ் மாதிரி தெரியல, கரண்ட் கேஸ் மாதிரிதான் இருக்கு. கனெக்டர், ஒயர், சென்சார், அப்புறம் கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் ஒயர். டப்பா இறக்கி ஏத்தும்போது அந்த எர்த் ஒயரை மறக்குறவங்க ரொம்ப பேர், சும்மா ஒரு போல்ட்தானேனு விட்டுடுவாங்க.

ஆமா, உங்க பழைய டப்பா எங்க? எடைக்கு போட்டாச்சா?

கொரோலா_கோவை

அண்ணன் சொன்ன லெவல் மேட்டர் எனக்கே நடந்திருக்கு. டொயோட்டால இன்ஜினை ஐடில்ல ஓட விட்டு, கியரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை தள்ளி பார்க்கிங்ல வெச்சு அப்புறம் டிப்ஸ்டிக் பாக்கணும். ஹோண்டால உல்டா. சமதளத்துல நிறுத்தி ரேடியேட்டர் ஃபேன் சுத்துற வரைக்கும் சூடாக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, 60 செகண்ட்ல இருந்து 90 செகண்டுக்குள்ள பாக்கணும். ஓடும்போது ஆயில் பாதி மேல சுத்திட்டு இருக்கும், ஸ்டிக்ல கம்மியாதான் காட்டும், டொயோட்டா பழக்கத்துல இருக்கறவர் ஐயோ பத்தலையேனு அரை லிட்டர் முக்கா லிட்டர் ஊத்திடுவாரு. என் மச்சான் ஹோண்டா ஜாஸ்ல இப்படித்தான் ஊத்தி வெச்சாங்க.

என்ன ஆயில் ஊத்தினாங்கனும் பில்லை பாருங்க. சிட்டில பழைய இசட்எக்ஸ்ல சிவிடி (கியர் படி இல்லாம பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்) வந்துச்சு, 2014 வண்டிலயும் சிவிடி, நடுவுல வந்த உங்க மாடல்தான் சாதா கியர் வெச்ச ஆட்டோமேட்டிக். கடைல போய் சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில் கொடுங்கனு மொட்டையா கேட்டா சிவிடி ஆயிலை எடுத்து கொடுத்தாலும் கொடுப்பாங்க. உங்களுக்கு வேண்டியது ஹோண்டாவோட டிடபிள்யூ1 ஆயில், அதுக்கு முன்னாடி இசட்1னு வந்துட்டு இருந்ததுக்கு பதிலா வர்றது.

எண்ணெய்ச்சட்டி

சாரி, ஆனா 42,000 கொடுத்து எந்த வண்டில இருந்து கழட்டினதுனே தெரியாத டப்பாவை வாங்கினதுதான் முதல் தப்பு. சென்னைல 2015 டிசம்பர் வெள்ளத்துல எத்தனை வண்டி முங்குச்சு, அப்புறம் 2023ல மிக்ஜாம் புயல்ல. அதெல்லாம் எங்க போச்சுனு நினைக்கிறீங்க? தண்ணி அந்த பிரீதர் வழியாவே உள்ள போகும், கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்கிற லைனிங் காகிதம் மாதிரி ஐட்டம், தண்ணி பட்டா ஊறி பிஞ்சு வந்துடும். ஆயிலை ஒரு வெள்ளை துணில தொட்டு பாருங்க, ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் கலர்ல இருந்தா ஆயிலை அப்படியே ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு கடைக்கு போயிடுங்க, மூணு நாள்தான் பாக்கி.

கிரீஸ்கை

எண்ணெய்ச்சட்டி சொல்றது நியாயம், ஆனா மில்க் ஷேக் பாத்தா உடனே வெள்ளம்னு முடிவு பண்ணாதீங்க, ரேடியேட்டர் உள்ள இருக்கிற கூலர் ஓட்டையானாலும் கூலன்ட் கலந்து அதே கலர்தான் வரும், கூலன்ட் லெவலையும் பாருங்க. பழைய டப்பா செத்த குப்பை எல்லாம் கூலர் பைப்ல உக்காந்திருக்கும், அதை ஃப்ளஷ் பண்ணாம புது டப்பாவை கோர்த்திருந்தா அந்த குப்பை நேரா இதுக்குள்ள வரும். அதையும் மெக்கானிக்கிட்ட கேளுங்க, முகத்தை பாத்தாலே தெரிஞ்சுடும்.

டிரெயின் பிளக்குல சதுர ஓட்டைதான் இருக்கும், 3/8 ராட்செட்டை அப்படியே நேரா சொருகி கழட்டலாம். அதுல காந்தம் இருக்கு. சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணம், நகத்துல தடவி பாத்து சில்லு சில்லா குத்துச்சுன்னா டப்பாவை திருப்பி கொடுத்துடுங்க, பேச்சே வேண்டாம்.

தாம்பரம்_சிட்டி

எல்லாருக்கும் நன்றி, இன்னிக்கு லீவு போட்டுட்டு ஷெட்லயே உக்காந்துட்டேன்.

லெவல் ஓடும்போதுதான் பாத்தாராம், எல்லா வண்டிக்கும் அப்படித்தானே சார்னு கேட்டாரு. நான் போன்ல இந்த பக்கத்தை காட்டினேன், கொஞ்ச நேரம் பேசல. ஃபேன் ஓட விட்டு ஆஃப் பண்ணி பாத்தா மேல் கோட்டுக்கு ஒன்றரை விரக்கடை மேல நிக்குது. கொஞ்சம் கொஞ்சமா இறக்கினோம், பழைய தண்ணி பாட்டில்ல பிடிச்சோம், முக்கா லிட்டர் கிட்ட வந்துச்சு. கலர் பழுப்பு கலந்த சிவப்பு, பால் மாதிரி இல்ல, தீஞ்ச வாடையும் இல்ல. காந்தத்துல மை மட்டும்தான், சில்லு இல்ல. பில்லுல டிடபிள்யூ1தான் இருக்கு. கூலர் ஃப்ளஷ் பண்ணலையாம், எண்ணெய் ஊதி விட்டோம்னாரு, அது என்ன கணக்குனு எனக்கு புரியல.

எர்த் ஒயர் டைட்டாதான் இருந்துச்சு. ஆனா ஏர் ஃபில்டர் பெட்டியை கழட்டி அந்த சென்சார் கனெக்டரை பிடுங்கினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஐயையோன்னோம். சென்சார் பக்க பின்னுல பச்சையா களிம்பு, பூஜை ரூம் செம்பு சொம்புல பிடிக்குமே அதே மாதிரி. லாக்கும் உடைஞ்சு ஒயரை டேக் போட்டு இழுத்து கட்டி வெச்சிருக்கு, இன்ஜின் ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடுது.

பழைய டப்பா நல்லவேளை ஷெட்டு மூலைலயே டயருக்கு பின்னாடி கிடந்துச்சு. அதுல இருந்த சென்சாரை கழட்டி இதுல போட்டோம், ஒயரை கொஞ்சம் லூசா விட்டு கட்டினோம். தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு போய்ட்டு வந்தேன், ஏசி ஃபுல்லு, வர்றப்ப பெருங்களத்தூர் டிராபிக்ல முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன், டி லைட் ஒரு தடவை கூட மினுக்கல. உதையும் இல்ல. ரிவர்ஸ் மட்டும் குளுர்ந்த இன்ஜின்ல இன்னும் ஒரு செகண்ட் லேட், சூடானதும் ஓகே.

எண்ணெய்ச்சட்டி

களிம்புன்னா தண்ணி பாத்த டப்பாதான், நான் சொன்னேன்ல. இன்னும் மூணு நாள் வாரண்டி இருக்கு, மாத்திடுங்க.

கிரீஸ்கை

கனெக்டர்ல மட்டும் களிம்புன்னா வெட்டவெளில மழைல கிடந்த டப்பாவா கூட இருக்கலாம், அங்க எல்லாம் அடுக்கி வெச்சிருக்கிறதே அப்படித்தான். ஆயில் சுத்தமா இருந்துச்சுங்கிறதால நானா இருந்தா மாத்த மாட்டேன், மாத்தினா அடுத்து வர்றது இதைவிட நல்லதுங்கிறதுக்கு யாரு கேரண்டி? ஆனா கடைக்காரர்கிட்ட இப்பவே விஷயத்தை சொல்லி, ரிவர்ஸ் லேட்டாகுதுனு எழுதி வாங்கி இன்னும் 15 நாள் தள்ளி வெச்சுக்கோங்க. கூலர் பைப்பை ஒழுங்கா ஃப்ளஷ் பண்ணுங்க, ஊதுறது எல்லாம் கணக்குல வராது. டிரெயின்ல ரெண்டரை லிட்டர் சுமார்தான் இறங்கும், மிச்சம் டார்க் கன்வர்ட்டர்ல (இன்ஜினுக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஆயில் வழியா சக்தியை கடத்துற பகுதி) நிக்கும், அதனால இப்ப ஒரு தடவை, 500 கிமீ கழிச்சு ஒரு தடவைனு மாத்துங்க. பழைய டப்பாவுல இருக்கிற மிச்ச சென்சார், சாலினாய்டு (ஆயில் வழியை திறந்து மூடுற கரண்ட் வால்வு) எல்லாத்தையும் கழட்டி ஒரு பெட்டில போட்டு வைங்க.

தாம்பரம்_சிட்டி

சாலினாய்டு கழட்டியாச்சு, வீட்ல செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு, என்னங்க இது கருமம்னு கேட்டாங்க. கடைக்காரர்கிட்ட பேசிட்டேன், முதல்ல முறைச்சாரு, களிம்பு போட்டோ காட்டினதும் 10 நாள் எழுதி கொடுத்தாரு. ஃப்ளஷ் செவ்வாய்க்கிழமை, பிளக் போட்டோ அன்னிக்கு போடுறேன்.