பெண்டாங்குல ஜியோலைட் கல்லு: ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டா யூரியாவ பாதியா குறைக்கலாமா?

செராய்_முருகு | செவ்வாய், ராத்திரி 9.10

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராக்குல பாகான் செராய் பக்கம், பகல்ல செம்பனை மில்லுல ஷிப்ட், மத்த நேரம் ஒரு பாக்சிக்கிட்ட (மலாய் பெரியவர்) குத்தகைக்கு எடுத்த 5 ஏக்கர் பெண்டாங்கு, அதாவது நெல்லு வயல், பாக்குறேன். போன சீசன் பாஜா, அதாவது உரம், விக்கிற ஒரு கடையில ஜியோலைட்டுன்னு ஒரு கல்லு மூட்டை குடுத்தாங்க, லேசா பச்சை அடிக்கிற சாம்பல் கலர், உடைச்ச கடலை சைஸ். ஏக்கருக்கு 40 கிலோ, ஒரே மூட்டை போதும், கல்லு பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அது யூரியாவ புடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும்னு சொன்னாங்க. ஒரு கைப்பிடி எடுத்து கிளாஸ் தண்ணில போட்டு காமிச்சாங்க, சர்ருன்னு சின்ன சின்ன குமிழியா வந்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கே ஆச்சரியமா போச்சு.

போட்டேன். ஆனா பயத்துல யூரியாவ குறைக்கல. பயிர் நல்ல பச்சையாதான் இருந்துச்சு. இந்த சீசன் தைரியமா யூரியாவ பாதியா குறைங்கன்னு அதே கடையில சொல்றாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, குறைக்கலாமா?

கிராணி_பேரன் | செவ்வாய், ராத்திரி 9.48

வேணாம் முருகண்ணே. தயவுசெஞ்சு குறைக்காதீங்க. எங்க மாமா இப்படித்தான் யாரோ வித்த ஒரு பாட்டில் மருந்த நம்பி பாஜாவ பாதியா குறைச்சாரு, அந்த சீசன் கதிரே சரியா வாங்கல, குத்தகைப் பணத்துக்கு மாமி நகைய வெச்சாங்க. அதப் பாத்து வளந்தவன் நான், அதனாலதான் இவ்ளோ சூடா எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

ஓட்டை இருக்கட்டும், குமிழி வரட்டும். காஞ்ச செங்கல்லத் தண்ணில போட்டாலும் குமிழி வரும்ணே, உள்ள இருக்கிற காத்து வெளிய வருது, அவ்ளோதான். அதுக்கும் பாஜாவப் புடிக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. போன சீசன் பச்சையா இருந்துச்சுன்னா அது நீங்க யூரியாவ முழுசா போட்டதால. ஒரு பெட்டக்குல, அதான் வரப்பு கட்டின ஒரு துண்டு வயல்ல, கல்லு போடாம விட்டுப் பாத்தீங்களா? இல்லைல்ல?

சரசு_டீச்சர் | செவ்வாய், ராத்திரி 10.30

தம்பி, முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவ நான், இத செங்கல்லோட சேக்குறத என்னால ஒத்துக்க முடியாது. ஜியோலைட்டுங்கிற பேரே 1756ல க்ரோன்ஸ்டெட்ங்கிற ஸ்வீடன்காரர் வெச்சது, சூடு பண்ணா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி கல்லு கொதிக்கிற மாதிரி தெரிஞ்சதால கிரேக்கத்துல கொதிக்கிற கல்லுன்னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்சாரு. செங்கல்லுல இருக்கிறது கண்டபடி விழுந்த பொத்தல். இதுல இருக்கிறது அணு அணுவா அடுக்கின வாய்க்கால். சிலிகான் இருக்க வேண்டிய சில இடத்துல அலுமினியம் உக்காந்துக்கும், அதனால கல்லோட சட்டகத்துக்கே மைனஸ் சார்ஜ் வந்துரும், அந்த சார்ஜ சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் வாய்க்காலுக்குள்ள குடியிருக்கும், அமோனியம் வந்தா எடத்த விட்டுக் குடுத்துட்டு வெளிய வந்துரும். வயலுக்கு விக்கிற ரகம் பெரும்பாலும் கிளினோப்டிலோலைட், அதுக்கு அமோனியம்னா ரொம்பப் பிரியம். வாய்க்கால் அகலம் ஒரு நானோமீட்டர்கூட இல்ல, அமோனியத்த நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா அதவிட ஆயிரம் மடங்குக்கு மேல பெருசு, உள்ள நுழையவே முடியாது. உள்ள போன அமோனியம் பத்திரமா இருக்கும்.

யூரியாவ தண்ணி நிக்கிற வயல்ல மேலாக்க வீசுனா என்னாகுது? யூரியேஸ் என்சைம் பட்டு அமோனியமாகுது, சுத்தி பிஎச் ஏறுது, ஒரு பங்கு அமோனியா வாயுவா பறந்துருது. நம்ம போடுற நைட்ரஜன்ல நெல்லு எடுக்கிறது நூத்துக்கு 30, 40 தான். இந்த நஷ்டத்த தடுக்கிற எதையும் நான் மோசடின்னு சொல்ல மாட்டேன். நம்ம யூபிஎம், அதான் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், அதோட பிந்துலு கேம்பஸ்லயே யூரியாவோட இந்தக் கல்ல கலந்து, மேல காத்து ஓட விட்டு, பறக்கிற அமோனியாவ ஆசிட்டுல புடிச்சு அளந்திருக்காங்க, கல்லு கலந்ததுல நஷ்டம் குறைஞ்சிருக்கு. ஜப்பான்ல விவசாயிங்க இத ரொம்ப காலமா வயல்ல போடுறாங்க.

நானே வீட்டுல பண்ணிப் பாத்தேன். ரெண்டு பெயிண்டு வாளி, ரெண்டுலயும் 10 கிலோ பெண்டாங்கு மண்ணு, மேல ரெண்டு விரக்கடை தண்ணி, 5 கிராம் யூரியா. ஒரு வாளியில மட்டும் 200 கிராம் கல்லு. மூடிக்கு உள்பக்கம் நனைச்ச சிவப்பு லிட்மஸ் பேப்பர் ஒட்டினேன். கல்லு இல்லாத வாளியில மூணாம் நாள் காலைல பேப்பர் நல்ல நீலம், தெறந்தா மூக்குல குத்துது. கல்லு போட்டதுல இன்னும் சிவப்பு.

கிராணி_பேரன் | செவ்வாய், ராத்திரி 11.15

டீச்சர், செங்கல் உதாரணத்த வாபஸ் வாங்கிக்கிறேன், நீங்க சொன்ன கெமிஸ்ட்ரி சரி. ஆனா கணக்கப் பாருங்க. உங்க வாளியில யூரியா ஒரு பங்குன்னா கல்லு நாப்பது பங்கு. முருகண்ணன் வயல்ல?

சப்சிடி பாஜாவ எடுத்துக்குவோம், 1979லேந்து நெல்லுக்கு குடுக்கிறது, எக்டருக்கு சேர்மான பாஜா 240 கிலோ, யூரியா 80 கிலோ. ஏக்கருக்கு யூரியா 32 கிலோ வருது. கல்லு 40 கிலோ. ஒன்னுக்கு ஒன்னேகால்! நாப்பது எங்க, ஒன்னேகால் எங்க?

இன்னொன்னு. நல்ல கிளினோப்டிலோலைட்டோட அயனி மாத்துற சக்தி, அதாவது அமோனியம் மாதிரி சார்ஜ் உள்ளத புடிச்சு வெக்கிற அளவு, கிலோவுக்கு 150 சென்டிமோல்னு வெச்சா, ஒரு கிலோ கல்லு ஒரு எடம் விடாம அமோனியத்தால ரொம்பினாலும் புடிக்கிற நைட்ரஜன் 21 கிராம். 40 கிலோவுக்கு 840 கிராம். ஏக்கருக்குப் போற அந்த யூரியாவுல மட்டும் நைட்ரஜன் 15 கிலோ கிட்ட இருக்கு. ஒரு கிலோகூட புடிக்க முடியாத கல்ல நம்பி ஏழரை கிலோவ குறைக்கச் சொல்றாங்க. இது எந்த ஊரு நியாயம்?

நர்சரி_செல்வா | புதன், காலை 6.20

நான் எஸ்டேட் நர்சரியில இருக்கேன், செம்பனை கன்ன பாலிபேக்குல, அதாவது பிளாஸ்டிக் பையில, வளக்குற வேலை. மணல் கலந்த மண்ணுல நாங்க இந்தக் கல்ல கலக்குறோம், வித்தியாசம் கண்ணுல தெரியுது, தண்ணி ஊத்துன உடனே பாஜா அடியில ஓடிப் போயிருது இல்லையா அது குறையுது. கிளந்தான் திரங்கானு கரையோர பிரிஸ் மணல்லயும் இது எடுபடும்னுதான் நான் சொல்வேன், அந்த மண்ணுக்கு சொந்தமா புடிக்கிற சக்தி கிடையாது. ஆனா உங்க பாகான் செராய் இருக்கிற கிரியான் வட்டார மண்ணு களிமண்ணுங்க, கடல் ஒதுக்கின களி, வெரலால தேச்சா சவுக்காரம் மாதிரி வழுக்கும். அந்தக் களியே அமோனியத்த புடிக்கும்.

கிராணி_பேரன் | புதன், காலை 7.05

செல்வா சொன்னதுதான் விஷயமே. ஒரு ஏக்கர்ல அரை அடி ஆழ மண்ணு மட்டும் 700 டன். களிக்கு கிலோவுக்கு 20 சென்டிமோல்னு வெச்சாலே, 40 கிலோ கல்லு அதுல ரெண்டாயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. ஏக்கருக்கு 4 டன் கொட்டுனாதான் மண்ணோட சக்தி நூத்துக்கு நாலு ஏறும். ஆராய்ச்சிக்காரங்களும் அப்படித்தான் கொட்டுறாங்க, சீனாவுல லியாவ்னிங் பக்கம் நெல் வயல்ல போட்டுப் பாத்த அளவு எக்டருக்கு 5, 10, 15 டன். ஆராய்ச்சி பண்றது டன் கணக்குல, கடையில விக்கிறது மூட்டை கணக்குல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான் நம்ம ஆளுங்க விழுறாங்க.

சரசு_டீச்சர் | புதன், மத்தியானம் 2.40

மண்ணு மொத்தத்தையும் கூட்டி வகுக்கிறது தப்பு தம்பி. யூரியா 700 டன் மண்ணுலயும் கலக்குறது இல்ல, மேல விழுந்த எடத்துலதான் கரையுது, அமோனியா பறக்கிறதும் மேல இருக்கிற தண்ணிலேந்துதான். கல்லும் அங்கயே யூரியாவோட கலந்து விழுந்தா, களிமண்ணு தொடுறதுக்கு முன்னாடி இது தொடும். அதோட கல்லு ஒரு தடவ ரொம்பினதோட வேலை முடிஞ்சு போறது இல்ல. வேரு எடுக்க எடுக்க காலியாகும், அடுத்த பாஜாவுல மறுபடி ரொம்பும். கரைஞ்சும் போகாது, ஒரு தடவ போட்டா வருஷக்கணக்குல மண்ணுல கெடக்கும். உன் 840 கிராம் ஒரு தடவைக்கான கணக்கு.

ஆனா அந்த நாப்பதுக்கு ஒன்னுங்கிறது என்னை உறுத்துது. நான் அளவ யோசிக்காம கை போன போக்குல 200 கிராம் போட்டேன். மறுபடி பண்றேன்.

குராவ்_பெரியவர் | புதன், ராத்திரி 8.00

எல்லாரும் நைட்ரஜன்லயே நிக்கிறீங்க. முருகு, உன் பெண்டாங்கு வாய்க்கால் தண்ணி எப்படி இருக்கு? துரு மாதிரி செவப்பா படலம் படியுதா, வெட்டுன கரை மண்ணுல வைக்கோல் மஞ்சள்ல புள்ளி புள்ளியா தெரியுதா? தெரிஞ்சா அது புளிச்ச மண்ணு, அடியில இருக்கிற பைரைட்ங்கிற கந்தகம் கலந்த இரும்புத் தாது காத்து பட்டு ஆசிட்டா மாறினது. அங்க அலுமினியம் வேரைச் சுட்டுரும், நீ எந்தக் கல்லு போட்டாலும் வேரு இல்லாத பயிரு எதைக் குடிக்கும்? அதுக்கு சுண்ணாம்பு, ஜிஎம்எல்னு சொல்ற மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், எக்டருக்கு 4 டன் வரைக்கும் சொல்வாங்க. ஜியோலைட் சுண்ணாம்பு வேலைய செய்யாது.

இன்னொன்னும் விசாரி. எங்க குராவ் பக்கம் இறால் குளத்துக்கும் இதே கல்லுதான் மூட்டை மூட்டையா வருது. உப்புத் தண்ணில சோடியம் முந்திக்கிட்டு எடத்தப் புடிச்சுக்கும், அமோனியாவுக்கு அங்க எடம் கிடைக்காது. சோடியம் நிறைஞ்ச கல்ல நெல்லு வயலுக்கு போடுறதும் நல்லதில்ல. மூட்டையில என்ன ரகம், என்ன சக்தின்னு எழுதியிருக்கா பாரு. எழுதாத மூட்டைய நான் தொட மாட்டேன்.

மில்லுல உமி மலை மாதிரி கெடக்குது, நெல்லு எடையில அஞ்சுல ஒரு பங்கு உமிதான். அதக் கரியாக்கி போட்டா அதுவும் ஓட்டை ஓட்டையான சாமான்தான், கூடவே நெல்லுக்கு வேண்டிய சிலிக்காவும் திரும்ப மண்ணுக்குப் போகும். அதை விட்டுட்டு காசு குடுத்து கல்லு வாங்குறோம்.

செராய்_முருகு | புதன், ராத்திரி 9.35

அய்யா, செவப்பு படலம் இல்ல, தண்ணி தெளிவாதான் வருது. மூட்டையை இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஜியோலைட்னு பேரும் எடையும்தான் போட்டிருக்கு, ரகமும் இல்ல சக்தியும் இல்ல எந்த நாட்டுலேந்து வந்துச்சுன்னும் இல்ல.

கிராணி_பேரன் | புதன், ராத்திரி 9.50

அப்ப 150ன்னு நான் வெச்சதே தாராளம். கல்ல விட்டுருங்கண்ணே, யூரியாவ மண்ணுக்குள்ள எறக்குற வழியப் பாருங்க. வங்காளதேசத்துல யூரியாவ குண்டு குண்டா அமுக்கி நாத்துக்கு நடுவுல 7லேந்து 10 சென்டிமீட்டர் ஆழத்துல புதைக்கிறாங்க. காத்தே இல்லாத களிக்குள்ள போயிட்டா அமோனியம் அங்கயே ஒட்டிக்கும், மேல தண்ணிக்கு வந்தாதானே பறக்கும்? களிமண்ணே நமக்கு ஓசியில கிடைச்ச கல்லு.

சரசு_டீச்சர் | புதன், ராத்திரி 10.10

சொல்றது சுலபம், 5 ஏக்கர்ல குனிஞ்சு குனிஞ்சு யாரு புதைக்கிறது? நம்ம பக்கம் எல்லாம் விதை தூவுறாங்க, வரிசையே கிடையாது. மில்லு ஷிப்ட் முடிச்சிட்டு வர்ற ஆளுக்கு இது நடக்குற காரியமா? தூவுற யூரியாவோட கலந்து வீசுற மாதிரி ஒரு பொருள் இருந்தா அதுக்கு மதிப்பு இருக்கு, அத நீ ஒத்துக்கணும்.

கிராணி_பேரன் | புதன், ராத்திரி 10.22

ஒத்துக்கிறேன், ஆள் பிரச்சினை நிஜம். அப்ப தண்ணிய வடிச்சிட்டு ஈர மண்ணுல வீசி உடனே தண்ணி விட்டா யூரியா கொஞ்சமாவது உள்ள எறங்கும். அதுக்கு குனிய வேண்டாம், காசும் வேண்டாம்.

சரசு_டீச்சர் | அடுத்த வியாழன், காலை 8.15

முடிவு சொல்றேன். மூணு வாளி, மண்ணும் யூரியாவும் முன்ன மாதிரியே. ஒன்னுல யூரியா மட்டும். ரெண்டாவதுல யூரியாவோட 6 கிராம் கல்லு, அதாவது முருகு கடையில சொன்ன விகிதம். மூணாவதுல கல்லு கிடையாது, 5 கிராமையும் ஒரு துணியில முடிஞ்சு ஆள்காட்டி விரல் முழுசா உள்ள போற ஆழத்துல மண்ணுக்குள்ள அமுக்கி மூடினேன்.

மூணாம் நாள் காலைல முதல் ரெண்டு பேப்பரும் நீலம். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன், எனக்கு வித்தியாசம் தெரியல. புதைச்ச வாளி பேப்பர் ஆறாம் நாளும் சிவப்பு.

கல்லு அமோனியத்த புடிக்கும்ங்கிறதுல நான் மாறல, 200 கிராமுல புடிச்சத கண்ணால பாத்தேன். ஆனா அந்த மூட்டை அளவுக்கு யூரியாவ பாதி குறைக்கச் சொல்றது தப்பு. முருகு, குறைக்காத.

நர்சரி_செல்வா | வியாழன், காலை 8.40

நன்றி டீச்சர். என் பாலிபேக்குல பத்துக்கு ஒரு பங்கு கல்லு, அதனாலதான் எனக்கு வேலை செய்யுதுன்னு இப்பத்தான் எனக்கே புரியுது.

செராய்_முருகு | வியாழன், ராத்திரி 9.00

டீச்சருக்கும் தம்பிக்கும் அய்யாவுக்கும் ரொம்ப நன்றி. யூரியாவ குறைக்கல. மிச்சம் இருக்கிற ரெண்டு மூட்டைய வீணாக்காம வீட்டுக்குப் பின்னால மொளகா பாலிபேக்குல கலந்துடுறேன். அரை ஏக்கர் பெட்டக்கு ஒன்னு தனியா விட்டு அதுல மட்டும் தண்ணி வடிச்சு யூரியா போட்டு, மத்ததுல வழக்கம் போல வீசி, இலையோட பச்சைய ஒப்பிட்டுப் பாக்குற இலைக் கலர் அட்டைய வெச்சு ரெண்டையும் ஒப்பிட்டு எழுதுறேன். டீச்சர், அந்த லிட்மஸ் பேப்பர் ஒரு கட்டு கிடைக்குமா? சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிஞ்சு மோட்டோவுல வந்து வாங்கிக்கிறேன்.

சரசு_டீச்சர் | வியாழன், ராத்திரி 9.12

வா. வரும்போது உன் பெண்டாங்கு மண்ணு ஒரு வாளி கொண்டு வா, பெட்டக்கு நடுவுலேந்து எடு, கரையோரம் எடுக்காத.