பயறு முளை நாறுது, முள்ளங்கியில வெள்ளைப் பஞ்சு: எங்க பிழை விடுறன்?

முற்றத்துக்காரி (கொக்குவில்):

எல்லாருக்கும் வணக்கம். கோடையில அச்சொட்டா வந்த பயறு முளை, இந்த மாரியில மூண்டு தரமும் பிழைச்சுப்போச்சு. செய்தது எல்லாத்தையும் சொல்லுறன், பிழையைப் பிடிச்சுத் தாங்கோ.

ஒரு கப் பயறு. பொழுதுபட ஊறப்போட்டு, விடிய வடிச்சு, பழைய வேட்டித் துணியில இறுக்கிக் கட்டி நீத்துப்பெட்டிக்குள்ள வைச்சன். காலமையும் இரவும் தண்ணி தெளிச்சன். ரெண்டாம் நாள் பாதிப் பயறு வால் விட்டிட்டுது, மற்றப் பாதி அசையேல்லை. மூண்டாம் நாள் துணியை அவிழ்த்தால் வழுவழுப்பு, விரலோட நூல் மாதிரி இழுபடுது. மணத்தைச் சொல்ல வேண்டாம். மாமி குசினிக்குள்ள எலி செத்துப்போச்சு எண்டு தேடத் துவங்கிட்டா.

அடுத்தது முள்ளங்கி. மகள் யூரியூப் பாத்திட்டு மைக்ரோகிறீன், அதுதான் குருத்திலயே வெட்டிச் சாப்பிடுற கீரை, போடுவம் எண்டாள். சாப்பாட்டுப் பாசல் வாற கறுப்புப் பெட்டி ரெண்டில தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) பரப்பி, விதை தூவி, இன்னொரு பெட்டியைக் கவிட்டு மூடினம். மூண்டாம் நாள் திறக்க வேரடியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சணம் எண்டு ரெண்டையும் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டிட்டன்.

பயறு தைப்பொங்கலுக்கு வாங்கினதில மிச்சம். ரைஸ்குக்கருக்கு மேல் தட்டில போத்தலுக்குள்ள இருக்குது. விதை பழுதோ, தண்ணி பழுதோ, என்ர கைதான் பழுதோ?

கிணத்தடி:

அக்கா, முள்ளங்கியைச் சும்மா எறிஞ்சிட்டீங்கள் போல கிடக்கு. முள்ளங்கி, கடுகு, கோவா இனமெல்லாம் முளைக்கேக்கை வேரைச் சுத்தி மயிர்வேர் விடும். பாத்தால் பஞ்சு ஒட்டின மாதிரித்தான் இருக்கும். அடுத்த தரம் தண்ணி தெளிச்சுப் பாருங்கோ. மயிர்வேர் எண்டால் உடனே வேரோட ஒட்டிப்படுத்துக் காணாமப் போயிடும். பூஞ்சணம் எண்டால் தண்ணிக்கு மசியாது, சிலந்திவலை மாதிரி ஒரு விதையில இருந்து மற்ற விதைக்குத் தாவி நிக்கும், புழுங்கல் மணமும் வரும்.

வடமராட்சியான்:

பயறு வறுத்ததோ பச்சையோ எண்டு முதல்ல பாத்தீங்களோ? சிரிக்காதேங்கோ. என்ர மனுசி பயத்தம் பணியாரத்துக்கு வறுத்து வைச்ச பயறை நான் ஊறப்போட்டு அஞ்சு நாள் காவல் இருந்தனான்.

முற்றத்துக்காரி:

பச்சைப் பயறுதான் அண்ணை. பாதி முளைச்சதே!

ஐயோ, ரெண்டு பெட்டி முள்ளங்கி... மகளிட்ட இதை இப்ப சொல்லப் போறதில்லை.

செம்பாட்டுமண்:

பிள்ளை, நான் முன்பு விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். பாதி முளைத்தது, பாதி முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அதில்தான் இருக்கிறது. மூன்று சோதனை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். முதலாவது, ஒரு பிடி பயறை வெள்ளைக் கோப்பையில் கொட்டி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள். பயற்றின் தோலில் வெள்ளைப் புள்ளி, வட்டத் துளை ஏதாவது உண்டா? இரண்டாவது, தண்ணீரில் போட்டு எத்தனை மிதக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, தாழ்ந்த பயறில் பத்தை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்து, மூன்றாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். மேலே போத்தலின் மூடியையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

முற்றத்துக்காரி:

ஐயா, மூண்டு நாளும் முடிஞ்சுது. வெள்ளைப் புள்ளி நிறையக் கிடக்கு. ஊசி முனையளவு, நகத்தால சுரண்டினால்தான் கழருது. நான் இவ்வளவு நாளும் தூசி எண்டு நினைச்சன். துளை போட்டதும் கிடக்கு, பொட்டுக் குத்தின மாதிரி அச்சொட்டான வட்டம். ஒரு கப்பில கால்வாசி மிதந்துது. பத்தில முளைச்சது நாலு.

மூடி பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் மூடி. உள்ளுக்க இருக்கிற அட்டை வளையம் எப்பவோ விழுந்திட்டுது. இறுக்கிப் பூட்டினாலும் ஆட்டினால் கடகடக்குது.

செம்பாட்டுமண்:

அப்படியானால் கையில் பழுதில்லை. புள்ளி என்பது பயற்று வண்டின் முட்டை. பெரும்பாலும் கடையில் ஏறுவதில்லை. வயலில் நெற்று காயும்போதே ஒட்டிக்கொண்டு வரும். புழு விதைக்குள்ளே தின்று வளர்ந்து, வண்டாகித் துளை போட்டு வெளியேறும். எங்கள் வெக்கைக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை. தையில் இருந்து கார்த்திகை வரை எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

செத்த விதை சும்மா இருக்காது. ஊறினதும் அதிலிருந்து மாவும் சீனியும் கசியும். பற்றீரியாவுக்கு அது விருந்து. வழுவழுப்பும் நாற்றமும் அங்கேதான் தொடங்கி, பக்கத்தில் உள்ள நல்ல முளையையும் பிடிக்கும். பத்தில் எட்டுக்குக் குறைவாக முளைக்கிற விதையை முளைக்கப் போடாதீர்கள். புழு விழாததாகப் பொறுக்கி எடுத்து, அவித்துச் சாப்பிடலாம்.

அடுத்தது ரைஸ்குக்கர். விதைக்கு எதிரி இரண்டு: சூடும் ஈரமும். நீங்கள் நாள்தோறும் இரண்டையும் ஆவியாக அதற்கு ஊட்டியிருக்கிறீர்கள். ஹரிங்டன் என்ற விதையியலாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை செல்சியஸ் அளவு குறைந்தால் அப்போதும் இரட்டிக்கும். இன்னொன்று, வெப்பத்தைப் பரனைட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பதனைக் கூட்டினால் 100ஐத் தாண்டக்கூடாது. யாழ்ப்பாணத்து மாரியில் 28 பாகை செல்சியஸ் என்றால் பரனைட்டில் 82. ஈரப்பதன் 80. கூட்டினால் 162.

கிணத்தடி:

162 எண்டது எங்கட வீட்டு உப்புப் போத்தலைப் பாத்தாலே தெரியும். கார்த்திகையில கரண்டியால தோண்டித்தான் எடுக்கிறம்.

ஸ்காபரோக் குளிர்:

நான் விதையெல்லாம் பிரிட்ஜிலதான் வைக்கிறன். ஆறு வருசத்து முள்ளங்கி விதை இன்னும் முளைக்குது.

வடமராட்சியான்:

உங்களுக்கென்ன, கதவைத் திறந்தால் பிரிட்ஜ். அம்மா பயறு, உழுந்து எல்லாத்தையும் சாம்பலுக்குள்ள பிரட்டிப் பானையில போட்டு வைப்பா, வேப்பிலையும் போடுவா. வண்டு எண்டதைக் கண்ணால கண்டதில்லை. உந்த பிரிட்ஜ் கதையெல்லாம் இங்க சரிவராது, கறண்ட் நிண்டால் எல்லாம் போச்சு.

செம்பாட்டுமண்:

சாம்பல் உண்மைதான் தம்பி. விதைகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்து வண்டை நடமாட விடாது. அதன் தோலை உராய்ந்து ஈரத்தை உறிஞ்சும். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் பிரட்டி வைப்பதும் முட்டையை மூச்சடைக்க வைக்கும். ஆனால் சாம்பலால் ஆயுள் கூடாது. வண்டு வராது, அவ்வளவுதான். மாரி ஈரத்தைத் தடுக்க இறுக்கமான மூடி வேண்டும்.

பிரிட்ஜும் சரிதான், ஆனால் காயாத விதையை அதற்குள் வைத்தால் பயனில்லை. காலை வெயிலில் ஓலைப்பாயில் காயப் போடுங்கள். மத்தியானச் சீமெந்து முற்றத்தில் போட்டால் விதை வெந்துவிடும். பல்லால் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது; பல் பதிந்தால் ஈரம். புது விதை வாங்கியதும் நன்றாகக் காயவைத்து, இறுக்கி மூடி, ஒரு கிழமை பிறீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும், காய்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை ஒரு இரவு அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் குளிர் விதையில் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். பட்ட பாடெல்லாம் வீண்.

மாரி முடியும் வரை இன்னொரு வழி: கொஞ்சம் அரிசியைச் சிவக்க வறுத்து, ஆறவிட்டு, துணிப் பொட்டலமாகக் கட்டிப் போத்தலின் அடியில் போடுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முற்றத்துக்காரி:

வடமராட்சி அண்ணையும் ஐயாவும் சண்டை பிடிப்பியள் எண்டு பாத்தன். ரெண்டையும் செய்யிறன்.

கிணத்தடி:

அக்கா, எனக்கு மனசில ஒண்டு உறுத்திக்கொண்டே கிடக்கு. அந்த முள்ளங்கி விதை எங்க வாங்கினீங்கள்? என்ன நிறம்?

முற்றத்துக்காரி:

மருந்துக்கடைப் பக்கமா இருக்கிற விதைக்கடையில, பக்கற்றில. ரோசா நிறம். வடிவா இருந்துது.

கிணத்தடி:

நினைச்சன். முள்ளங்கி விதைக்கு அந்த நிறமில்லை, மண்ணிறம்தான் அதுக்கு. ரோசா, பச்சை, நீலம் எண்டு பூசினதெல்லாம் தோட்டத்துக்கு விக்கிற விதை, பூஞ்சண மருந்து பிரட்டினது, கனக்கத் தைராம்தான். மண்ணில நட்டு ரெண்டு மாசத்தில கிழங்கு சாப்பிடுறது வேற, விதையோட ஒட்டின குருத்தை ஏழாம் நாள் சாப்பிடுறது வேற. பக்கற்றில உண்ணக்கூடாது எண்டு எழுதியிருக்கும், எழுத்து சின்னன். முளைக்கும் குருத்துக்கும் நிறம் பூசாத, சாப்பாட்டுக்கு எண்டு விக்கிற விதைதான் எடுக்க வேணும். பலசரக்குக் கடைக் கடுகு, வெந்தயம், பயறு போதும், மலிவும்.

கோழிக்கும் அது கூடாது. தைராம் கோழியின்ர கால் எலும்பைப் பிடிக்கும், தோல்முட்டை வரும்.

முற்றத்துக்காரி:

வீட்டில நிக்கிறது ஒரு சேவல். அதுவும் ஒருக்காக் கிளறிப்போட்டு என்னைப் பாத்திட்டுப் போயிட்டுது. மிச்சத்தைக் கூட்டி அள்ளிட்டன். எறிஞ்சது நல்லதாப் போச்சு, காரணம்தான் பிழை.

ஸ்காபரோக் குளிர்:

ஒரு விஷயம் சொல்லாமப் போகேலாது. முளையைப் பச்சையாச் சாப்பிடுறதில ஆபத்து இருக்கு. 2011இல ஜேர்மனியில ஈ.கோலை எண்ட கிருமி பரவி ஐம்பதுக்கு மேல ஆக்கள் செத்தவை. தேடிப் பாத்தால் எகிப்தில இருந்து வந்த வெந்தய விதை, அதை முளைக்க வைச்சுச் சாப்பிட்டதால வந்தது. விதையில கொஞ்சம் கிருமி இருந்தாலும் முளைக்கிற சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது கோடியாப் பெருகும், கழுவிப் போகாது. இங்க கனடாவிலயும் சின்னப் பிள்ளையள், வயசானவை, கர்ப்பிணியள் பச்சை முளை சாப்பிடக்கூடாது எண்டுதான் சொல்லுறவை. மாமிக்கு அவிச்சுக் குடுங்கோ. மைக்ரோகிறீன் மண்ணுக்கு மேல வெட்டிச் சாப்பிடுறதால பயம் குறைவு, இல்லையெண்டு சொல்லேலாது.

செம்பாட்டுமண்:

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். இங்கே அதில் இன்னொரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தின் அடி சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குழியுமாக இருக்கும். மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது மலசலகூடக் குழியின் நீர் கிணற்றோடு கலக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஊற வைக்கவும் கழுவவும் கொதித்தாறிய தண்ணீரையே பாவியுங்கள்.

இன்னும் ஒன்று: நீங்கள் தெளித்துக்கொண்டு இருந்தீர்கள், கழுவவில்லை. வேட்டித் துணிக்குள் காற்றும் இல்லை. ஊறவைப்பது ஆறேழு மணித்தியாலம் போதும். பிறகு அகலவாய்ப் போத்தலில் போட்டு, வாயில் நுளம்புவலைத் துண்டைக் கட்டி, நாளுக்கு மூன்று நான்கு தரம் தண்ணீர் விட்டு அலசி, சரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஒரு துளி தேங்கக்கூடாது.

வடமராட்சியான்:

சிவத்தப் போஞ்சி விதையை மட்டும் பச்சை முளையாத் தின்னாதேங்கோ, நஞ்சு கிடக்கு, வயித்தால போகும். தக்காளி, மிளகாய், கத்தரிக் குருத்தும் வேண்டாம்.

முற்றத்துக்காரி:

ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறன். புதுப் பயறு அரைக் கிலோ, பிறீசரில ஏழு நாள், பத்துக்கு ஒம்பது. போத்தல், நுளம்புவலை, கோப்பை காய்ற றாக்கில சரிச்சுக் கவிட்டன். ரெண்டாம் நாள் இரவு எல்லாம் ஒரே அளவு வால், வெள்ளை வெளேரெண்டு, மணமே இல்லை. அவிச்சுத் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடுக்க, மாமி 'இதுக்கு முளைக்க வைக்காமலே அவிச்சிருக்கலாமே' எண்டா. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டா.

பலசரக்குக் கடைக் கடுகு தும்புச்சோத்தில நல்லா வருது. வெள்ளைப் பஞ்சும் வந்துது, தண்ணி தெளிக்கப் படுத்திட்டுது. மகளுக்கு அப்பதான் பழைய கதையைச் சொன்னன். மல்லி மட்டும் பதினொரு நாளாப் பேசாமக் கிடக்கு.

கிணத்தடி:

உடைச்சுப் போட்டீங்களோ? ஒரு மல்லிக்குள்ள ரெண்டு விதை. சப்பாத்திக் கட்டையால மெதுவா உருட்டி ரெண்டாப் பிளந்துதான் ஊறப்போட வேணும்.

முற்றத்துக்காரி:

முழுசாத்தான் போட்டன்.

கிணத்தடி:

அப்ப இன்னும் ஒரு கிழமை பாருங்கோ.