18 யூனிட்டா, 13 யூனிட்டா? பாபநாசம் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

(கலிபோர்னியாவில் ஞாயிறு இரவு 8 மணி. தாத்தாவும் அத்தையும் இருக்கும் பாபநாசத்தில் திங்கள் காலை எட்டரை. கவின் கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடம். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும்.)

அத்தை: [ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் படம்]

கவின்: அப்பா, கெமிஸ்ட்ரியை விடட்டுமா? இன்று இரவு 11:59-க்குள் விட்டால் மார்க் பட்டியலில் ஒன்றும் வராது. நாளைக்கு விட்டால் டபிள்யூ விழும்.

அப்பா: சேர்ந்து இரண்டு வாரம்தானே ஆகிறது, அதற்குள் என்ன விடுவது?

அப்பா: நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பேசுகிறேன்.

அம்மா: வண்டி ஓட்டும்போது டைப் செய்யாதீர்கள்!!

அப்பா: சிக்னல்.

தாத்தா: டபிள்யூ என்றால் ஃபெயிலா?

மீனா அக்கா: இல்லை தாத்தா. பாதியில் விலகினான் என்று ஒரு குறி. ஜிபிஏவில், அதாவது சராசரி மதிப்பெண்ணில், சேராது. ஆனால் பட்டியலில் அப்படியே இருக்கும், ஒரு தடவை எடுத்ததாகவும் கணக்காகிவிடும். ஒரே பாடத்தை மூன்று தடவைக்கு மேல் எடுக்க லேசில் விடமாட்டார்கள்.

கவின்: [படம்]

கவின்: வெள்ளிக்கிழமை காலேஜில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்த்தேன். கியூவில் ஒன்றரை மணி நேரம், உள்ளே பத்து நிமிடம். அந்த அம்மா என் ஷெட்யூலை ஒரு தடவை பார்த்தார். கெமிஸ்ட்ரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது யாருக்காக?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா: அந்தப் பச்சை இங்க் வட்டம் அவர் போட்டதா?

கவின்: ஆமாம். கேள்விக்குறியும் அவருடையதுதான்.

அப்பா: வீட்டுக்கு வந்துவிட்டேன். யாருக்காக என்றால்? நாளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை என்றால் வேறு இன்ஜினியரிங் போக வேண்டாமா? ஒரு பிடிமானம் வேண்டும். அதோடு முதல் இரண்டு வருடம் அவனுக்குக் கட்டணமே இல்லை. 12 எடுத்தாலும் ஃப்ரீ, 18 எடுத்தாலும் ஃப்ரீ. அப்புறம் ஏன் 12 எடுப்பது?

தாத்தா: பந்தியில் ஃப்ரீ என்று எல்லாவற்றையும் இலையில் வாங்கிக்கொண்டால் யார் சாப்பிடுவது?

அத்தை: 😂😂

தாத்தா: ஒரு யூனிட் என்றால் என்ன கணக்கு? யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள்.

அத்தை: இங்கே என் பெண் காலேஜிலும் கிரெடிட்தான் அப்பா. வாரம் ஒரு மணி நேரப் பாடத்துக்கு 1. லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 1.

மீனா அக்கா: அங்கே வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணுவார்கள் அத்தை. இங்கே வீட்டில் படிப்பதும் கணக்கில் உண்டு. வகுப்பில் ஒரு மணி உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு மணி. கலிபோர்னியாவில் ஒரு யூனிட் என்றால் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 48 மணி நேர வேலை.

தாத்தா: செமஸ்டர் எத்தனை வாரம்?

மீனா அக்கா: ஏறக்குறைய 16.

தாத்தா: அவன் எடுத்திருப்பது?

கவின்: கால்குலஸ் 5, கெமிஸ்ட்ரி 5, புரோகிராமிங் 4, இங்கிலீஷ் 4. மொத்தம் 18.

தாத்தா: 18 × 48 = 864. வாரத்துக்கு 54 மணி. கடை வேலை எவ்வளவு?

கவின்: 16 மணி.

தாத்தா: 70. எப்போதடா தூங்குகிறாய்?

அம்மா: அதைத்தான் நானும் கேட்கிறேன் மாமா. நேற்று லேப் ரிப்போர்ட் எழுதிக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். கன்னத்தில் ஸ்பைரல் நோட்டின் கம்பி பதிந்திருந்தது.

கவின்: அம்மா 🤦

கவின்: கெமிஸ்ட்ரியில் பாடம் 3 மணி, லேப் 6 மணி தாத்தா. 5 யூனிட்டுக்கு வாரம் 9 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

அப்பா: சரி, கால்குலஸை விட்டுவிட்டு அடியிலிருந்து வரலாமே? பிளேஸ்மென்ட் டெஸ்ட்கூட வைக்காமல் நேராகக் கால்குலஸில் உட்கார வைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

மீனா அக்கா: சித்தப்பா, அதை மட்டும் சொல்லாதீர்கள். 2016-ல் நான் சேர்ந்தபோது அந்த டெஸ்டை எழுதினேன். இதற்குப் படித்துவிட்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மதியம் வேலை முடிந்து நேராகப் போனேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், பின்னக் கணக்கில் இரண்டு தப்பு. இரண்டு படி கீழே இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த அல்ஜீப்ராவையே மறுபடி ஒரு வருடம் படித்தேன். அந்த யூனிட் ஒன்றுகூட டிரான்ஸ்ஃபருக்குச் சேரவில்லை. என்னோடு அந்த வகுப்பில் இருந்த பாதிப் பேர் கால்குலஸ் வரைக்கும் வரவே இல்லை.

மீனா அக்கா: அதனால்தான் 2017-ல் ஏபி 705 என்று சட்டம் போட்டார்கள். 2019 இலையுதிர் பருவத்திலிருந்து ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இங்கிலீஷும் கணக்கும் கொடுக்கிறார்கள். நான்கு வருட மார்க் ஒரு மதிய டெஸ்டைவிட நம்பகமானது இல்லையா?

தாத்தா: 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், ஆமாம்.

கவின்: கால்குலஸ் நன்றாகத்தான் போகிறது அப்பா. முதல் க்விஸில் 20-க்கு 17.

அப்பா: மூன்று செமஸ்டரில் முடித்துவிட்டால் அரை வருடம் மிச்சம். அதுதான் என் கணக்கு.

மீனா அக்கா: மிச்சமாகாது சித்தப்பா. டிரான்ஸ்ஃபருக்கு 60 வேண்டும், 18 × 3 = 54. அதை விடுங்கள், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான கணக்குப் பாடங்கள் படி மாதிரி. ஒன்று முடித்தால்தான் அடுத்ததில் விடுவார்கள். கால்குலஸில் தொடங்கி வரிசையாகப் போனால் நாலு செமஸ்டர் வரை இழுக்கும். யூசியில், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெரும்பாலும் இலையுதிர் பருவத்துக்குத்தான் எடுக்கிறார்கள். டிசம்பரில் முடித்தால் இலையுதிர் பருவம் வரை வீட்டில்தான் உட்கார வேண்டும்.

(அப்பா டைப் செய்கிறார்…)

(அப்பா டைப் செய்கிறார்…)

அத்தை: அவன் டைப் செய்வதற்குள் 11:59 ஆகிவிடும் போல.

அப்பா: கெமிஸ்ட்ரியை விட்டால் 13 ஆகிவிடுமே, முழுநேர மாணவன் இல்லை என்று கட்டணச் சலுகையை நிறுத்திவிட மாட்டார்களா?

மீனா அக்கா: முழுநேரத்துக்கு 12 போதும். ஆனால் கவின், 13 ஆன பிறகு இனி ஒன்றையும் விட முடியாது. புரோகிராமிங்கை விட்டால் 9. சலுகை போய்விடும், யூனிட்டுக்கு 46 டாலர் கட்ட வேண்டும்.

மீனா அக்கா: இன்னொன்று. அசிஸ்ட் டாட் ஓஆர்ஜியில் யூசி இர்வைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டு. உன் காலேஜில் எந்தப் பாடம் அங்கே எதற்குச் சமம் என்று இரண்டு பத்தியாக இருக்கும். "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று சொன்னால் நம்பாதே. ஆகும், ஆனால் உன் மேஜருக்கு, அதாவது நீ பட்டம் வாங்கப்போகும் துறைக்கு, உதவாது. நான் கால்குலஸ் இல்லாத பிசிக்ஸை எடுத்து அப்படித்தான் ஏமாந்தேன்.

கவின்: காட்டிவிட்டேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கெமிஸ்ட்ரி இல்லை.

அப்பா: பிசிக்ஸும் இல்லாமல் விட்டுவிடாதே.

கவின்: இல்லை அப்பா. பொதுப்பாடத்துக்கு ஒரு அறிவியலும் லேபும் எப்படியும் வேண்டும். அடுத்த வருடம் கால்குலஸோடு போகும் பிசிக்ஸை எடுத்துக்கொள்கிறேன்.

தாத்தா: 13 × 48 = 624. வாரம் 39. கடையோடு 55. இதுவே அதிகம்தான்.

அப்பா: சரி. விடு.

கவின்: [ஸ்கிரீன்ஷாட்: மொத்தம் 13.0 யூனிட்]

கவின்: இரவு 9:26. விட்டாயிற்று.

அப்பா: அந்த லேப் கோட்டும் கண்ணாடியும்? போன வாரம்தானே வாங்கினோம்.

கவின்: கவரைப் பிரித்துவிட்டோம், திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அம்மா: கண்ணாடியை என்னிடம் கொடு. வெங்காயம் நறுக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.